தாய்வழி தேடும் குதிரை ஏடு, மகளை ஒதுக்கும் பிரபுப் பட்டம்: பிரிட்டன் மேலவை மசோதாவும் ஒரு குடும்பத்தின் கதையும்

லண்டன்: பிறப்பு ஒன்றையே தகுதியாகக் கொண்டு சட்டம் இயற்றும் உரிமை பெற்றிருப்போரை நாடாளுமன்றத்திலிருந்து முழுமையாக வெளியேற்றும் மசோதா, பிரிட்டன் மக்களவையில் 2024 நவம்பர் 12-ஆம் தேதி 435-க்கு 73 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அடுத்ததாக அது பிரபுக்கள் அவைக்குச் சென்றது. அப்போது எஞ்சியிருந்த 92 பரம்பரை இடங்கள் நீடிக்குமா, நீங்குமா என்பது குறித்து, அந்த இடங்களில் அமர்ந்திருந்தோரும் சேர்ந்தே விவாதிக்க இருந்தனர்.

பரம்பரைப் பிரபு என்றதும் பெரும் மாளிகை, பரந்த நிலம், வேலையற்ற செல்வம் என்ற சித்திரமே மனத்தில் எழுகிறது. அது முழு உண்மையன்று. விடியற்காலையில் எழுந்து, பிறருக்குச் சொந்தமான குதிரைகளைப் பழக்கி, அந்த வருவாயில் பிழைத்த பிரபுக்களும் இருந்தனர். அத்தகையவர்களுள் ஒருவர் 17-ஆவது ஹன்டிங்டன் ஏர்ல் எனப்படும் வில்லியம் ஹேஸ்டிங்ஸ்-பாஸ். தாத்தா, தந்தை, தாம் என மூன்று தலைமுறையாகப் பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர்; மறைந்த ராணி இரண்டாம் எலிசபெத்தின் குதிரைகளுக்கும் பயிற்சி அளித்தவர். பிரபுக்கள் அவையில் அவருக்கு இருந்த இடம் 1999-ஆம் ஆண்டிலேயே போய்விட்டது. எனினும், 2024-இல் நடைபெற்ற விவாதத்தின் உட்கருவை அவரது குடும்ப வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

மூன்று தலைமுறைத் தொழில்

ஹன்டிங்டன் ஏர்ல் பட்டம் 1529-இல் மன்னர் எட்டாம் ஹென்றி வழங்கியது. அந்தக் குடும்பத்தின் இளைய மகன்களுள் ஒருவர் ஆப்ரி ஹேஸ்டிங்ஸ். பட்டம் மூத்தவருக்குப் போனதால், இளையவர் தம் கையால் பிழைக்க வேண்டியிருந்தது. அவர் தேர்ந்தெடுத்தது குதிரைத் தொழில். தடைகளைத் தாண்டி ஓடும் பந்தயங்களில் மிகக் கடினமானதாகக் கருதப்படும் கிராண்ட் நேஷனலை 1906-இல் வென்ற 'அசெட்டிக்ஸ் சில்வர்' என்ற குதிரைக்குப் பயிற்சி அளித்தவர் அவரே. அதன்மீது ஏறி ஓட்டியவரும் அவரே. பின்னர் 1915-இலும் 1924-இலும் அவரது லாயத்துக் குதிரைகள் அதே பந்தயத்தை வென்றன. 1929-இல் போலோ ஆடிய வேளையில் அவர் உயிரிழந்தார்.

அவருடைய மகன் பீட்டர், பாஸ் என்னும் மதுபான ஆலைக் குடும்பத்து உறவினரின் உயிலுக்கு இணங்கத் தம் பெயரோடு 'பாஸ்' என்பதையும் சேர்த்துக்கொண்டார். 1950-களில் அவர் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் கிங்ஸ்கிளியருக்குக் குடிபெயர்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் போர்ட்டர் என்னும் புகழ்பெற்ற பயிற்சியாளர் கட்டி எழுப்பிய லாயம் அது. அங்கே நன்கு காலூன்றிய பீட்டர், 1964-இல் புற்றுநோயால் 43-ஆவது வயதிலேயே மறைந்தார். மகன் வில்லியமுக்கு அப்போது வயது 16.

அந்த மரணம் ஏற்படுத்திய சிக்கல் கவனிக்கத்தக்கது. பீட்டரின் மனைவி பிரிஸில்லா, குதிரைப் பந்தயம் நடக்கும் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். டெர்பி பந்தயத்துக்குப் பெயர் தந்த குடும்பத்தில் வந்த 17-ஆவது டெர்பி ஏர்லின் பேத்தி. லாயத்தின் ஒவ்வொரு குதிரையையும் அறிந்தவர். ஆனால் பயிற்சியாளர் உரிமம் அவருக்குக் கிடைக்க வழியே இல்லை. பந்தயங்களை நிர்வகித்த ஜாக்கி கிளப், பெண்களுக்கு உரிமம் வழங்குவதில்லை என்ற வழக்கத்தை அன்று உறுதியாகக் கடைப்பிடித்தது.

நடைமுறையில் பெண்கள் லாயங்களை நடத்தாமல் இல்லை. ஏட்டில் ஓர் ஆண் பெயர் இருந்தால் போதும் என்பதே நிலை. 1956-இல் '2000 கினீஸ்' பந்தயத்தை வென்ற 'கில் டி ரெட்ஸ்' குதிரையை உண்மையில் பழக்கியவர் ஹெலன் ஜான்சன் ஹூட்டன் என்ற பெண்மணி. பதிவேட்டில் பயிற்சியாளராக இருப்பதோ வேறோர் ஆணின் பெயர். ஃபுளோரன்ஸ் நேகல் என்ற மூதாட்டி இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1966-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் திரும்பிய பிறகே கிளப் இறங்கிவந்தது.

கிங்ஸ்கிளியரில் அந்த இரண்டு ஆண்டு முன்பின் தான் வினையாயிற்று. பீட்டரின் உதவியாளராக இருந்த 25 வயது இயன் பால்டிங் உரிமத்தைப் பெற்றார். 1969-இல் அவர் பீட்டரின் மகள் எம்மாவை மணந்தார். 1971-இல் அதே லாயத்தின் 'மில் ரீஃப்' டெர்பியையும் பாரிஸின் ஆர்க் பந்தயத்தையும் ஒரே ஆண்டில் வென்று வரலாறு படைத்தது. இன்று அங்கே பயிற்சியாளராக இருப்பவர் இயன்-எம்மா தம்பதியின் மகன் ஆண்ட்ரூ பால்டிங். 2003-இல் பொறுப்பேற்ற அதே ஆண்டிலேயே 'கேஷுவல் லுக்' மூலம் ஓக்ஸ் பந்தயத்தை வென்றவர். ஒலிபரப்பாளராகப் பிரிட்டன் முழுவதும் அறியப்பட்ட கிளேர் பால்டிங் அவருடைய சகோதரி.

ஆக, லாயம் மகள் வழியில் நிலைத்தது. பட்டம் வேறு வழியில் வந்தது.

மகள்களைக் கடந்து வந்த பட்டம்

பட்டத்தை வைத்திருந்தவர் பீட்டரின் பெரியப்பா மகன் ஜாக் ஹேஸ்டிங்ஸ், 16-ஆவது ஏர்ல். இவர் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேராவிடம் சுவரோவியம் பயின்ற இடதுசாரி. லண்டன் கிளார்க்கன்வெல்லில் உள்ள மார்க்ஸ் நினைவு நூலகத்தின் சுவரில் 1935-இல் அவர் தீட்டிய ஓவியம் இன்றும் உள்ளது. போருக்குப் பின் அமைந்த அட்லியின் தொழிற்கட்சி அரசில் வேளாண் அமைச்சகத்தின் நாடாளுமன்றச் செயலராகவும் பணியாற்றினார். பரம்பரை இடங்களை ஒழிக்க 2024-இல் முனைந்த கட்சி, அன்று மேலவையில் தனக்குப் பேச ஆளின்றித் தவித்தபோது இத்தகைய பரம்பரைப் பிரபுக்களையே நம்பியிருந்தது என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

ஜாக்குக்கு மகள்கள் மூவர், மகன் இல்லை. அவர்களுள் ஒருவர் செலினா ஹேஸ்டிங்ஸ். ஈவ்லின் வா, சாமர்செட் மாம் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிப் புகழ்பெற்றவர். தந்தையைப் பற்றியும் ஒரு நூல் எழுதியுள்ளார். 1990-இல் ஜாக் மறைந்தபோது, பட்டம் அம்மூவரில் எவருக்கும் போகவில்லை. ஆண் வாரிசுகளுக்கு மட்டுமே உரியது என்ற விதியின்படி, அது குடும்ப மரத்தின் அடுத்த கிளைக்குத் தாவி, குதிரைப் பயிற்சியாளர் வில்லியமிடம் வந்து சேர்ந்தது. அதனுடன் பிரபுக்கள் அவையில் ஓர் இடமும், பிரிட்டன் மக்கள் அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டங்கள் மீது வாக்களிக்கும் உரிமையும் வந்தன. அதற்காக அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. எந்தக் குழுவும் அவரைப் பரிந்துரைக்கவில்லை.

இந்தப் பட்டம் இவ்வாறு மகளைத் தாண்டிச் சென்றது இது முதல் முறையன்று. இந்திய வரலாற்றோடு தொடர்புடைய ஒரு கிளைக்கதை இதில் உண்டு. 10-ஆவது ஏர்ல் 1789-இல் சட்டப்படியான வாரிசின்றி இறந்தார். பெண்வழி செல்லக்கூடிய பழைய பேரன் பட்டங்கள் அவருடைய சகோதரி எலிசபெத்துக்குச் சென்றன. ஆண்வழி மட்டுமே செல்லும் ஏர்ல் பட்டமோ உரியவர் இன்றி உறங்கிப்போனது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1819-இல், இரண்டாம் ஏர்லின் வழிவந்த தூரத்து உறவினர் ஒருவர் தம் வம்சாவளியை நிரூபித்து அதை மீட்டார். அருகிலேயே சகோதரி இருக்க, பல தலைமுறை தள்ளிய ஆண் ஒருவரைத் தேடிப்பிடித்த விதி அது.

அந்த எலிசபெத்தின் மகன்தான் 1813 முதல் 1823 வரை கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த மார்க்விஸ் ஹேஸ்டிங்ஸ். நேபாளப் போரையும், மராட்டியப் பேரரசின் முடிவைக் கண்ட மூன்றாம் ஆங்கிலேய-மராட்டியப் போரையும் நடத்தியவர். அவருக்கு முன்பிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸுடன் இவரைக் குழப்பிக்கொள்ளலாகாது. அவருடைய பேரன், நான்காம் மார்க்விஸ், குதிரைப் பந்தயச் சூதில் பெயர் கெட்டவர். 1867 டெர்பியில் 'ஹெர்மிட்' என்ற குதிரைக்கு எதிராகப் பந்தயம் கட்டி, சுமார் 1,20,000 பவுண்டு இழந்ததாகச் சொல்லப்படுகிறது. மறு ஆண்டே 26 வயதில் மாண்டார். மார்க்விஸ் பட்டம் அவரோடு முடிந்தது. ஒரே இரத்தத்திலிருந்து கவர்னர் ஜெனரலும் வரலாம், சூதாடியும் வரலாம் என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டியதில்லை.

குதிரை உலகின் கணக்கு வேறு

பரம்பரைப் பிரபுக்களை ஆதரிப்போர் சில வேளைகளில் குதிரை வளர்ப்பையே உவமையாகக் காட்டுவது உண்டு: நல்ல வம்சம் நல்ல குதிரையைத் தரும், மனிதர்களிடமும் அப்படியே என்பது அவ்வாதம். குதிரைத் தொழிலை உள்ளிருந்து பார்த்தால் அந்த உவமை எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறது.

உயரின ஓட்டக் குதிரைகளின் வம்சாவளியைப் பதிவுசெய்யும் பொது ஏடு 1791-இல் முதன்முதலாக வெளிவந்தது. அதை வெளியிட்ட வெதர்பி குடும்பத்தின் நிறுவனமே இன்றுவரை அதைப் பேணிவருகிறது. அந்த ஏட்டில் குதிரைகள் தாய்மாரின் பெயர்களுக்குக் கீழ் வரிசைப்படுத்தப்படுகின்றன. பந்தயத் துறையில் 'குடும்பம்' என்றாலே தாய்வழி என்றுதான் பொருள். ஒரே தந்தைக்குப் பிறந்த இரு குதிரைகளை அங்கே சகோதரர்கள் என்று எவரும் அழைப்பதில்லை. ஒரே தாய்க்குப் பிறந்திருந்தால் மட்டுமே அந்தப் பெயர். ஓர் ஆண் குதிரைக்கு ஓராண்டில் நூற்றுக்கணக்கில் குட்டிகள் பிறக்கலாம், தாய்க்கு ஒன்றே. ஆகவே, மதிப்பு தாய்வழியில் தேங்குகிறது.

ராணியின் குதிரைகளிலேயே இதற்குச் சான்று உண்டு. 1974-இல் '1000 கினீஸ்' பந்தயத்தை ராணிக்கு வென்று தந்த பெண் குதிரை 'ஹைகிளியர்'. அதன் மகள் 'ஹைட் ஆஃப் ஃபேஷன்'. அதன் மகன் 1989 டெர்பி வென்ற 'நஷ்வான்'. ஹைகிளியரின் மற்றொரு மகள் வழியில் பிறந்ததே ஜப்பானின் இணையற்ற குதிரையாகப் போற்றப்பட்ட 'டீப் இம்பாக்ட்'. பிரபுப் பட்டங்களின் விதி இங்கே செயல்பட்டிருந்தால், இந்த வரிசை முதல் படியிலேயே அறுந்திருக்கும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. எவ்வளவு உயர்ந்த வம்சத்தில் பிறந்தாலும், குட்டி ஓடிக் காட்டியே தீர வேண்டும். ஓடாத குதிரைக்குப் பந்தய நாளில் தாயின் பெயரைச் சொல்லிப் பரிசு தருவதில்லை.

வெஸ்ட் இல்ஸ்லியில் நடந்தது

வில்லியம் ஹேஸ்டிங்ஸ்-பாஸ் 1970-களின் நடுவில் நியூமார்க்கெட்டில் தொழிலைத் தொடங்கினார். பட்டம் கைவரும் முன்பே திறமைக்குப் பெயர் பெற்றிருந்தார். ஆனால் அவருடைய பெயரைப் பரவலாக அறியச் செய்தது ஒரு சர்ச்சை. அதில் அவர் தரப்பில் குற்றம் ஏதும் இருந்ததாகச் சொல்ல இயலாது.

பெர்க்ஷயரின் வெஸ்ட் இல்ஸ்லி லாயத்தை 1982-இல் ராணி விலைக்கு வாங்கினார். 'ஹைட் ஆஃப் ஃபேஷன்' குதிரையைத் துபாயின் ஹம்தான் அல் மக்தூமுக்கு விற்ற பணமே அதற்கு உதவியது எனப் பந்தய வரலாற்றை எழுதுவோர் குறிப்பிடுவர். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் டிக் ஹெர்ன். ராணிக்காக 'ஹைகிளியர்', 'டன்ஃபர்ம்லின்' ஆகிய பெரும் வெற்றிக் குதிரைகளை உருவாக்கியவர். 1984 டிசம்பரில் வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்து, சக்கர நாற்காலியில் முடங்கினார். 1988-இல் இதய அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். அவருடைய குத்தகை புதுப்பிக்கப்படாது என்றும், வில்லியம் அவ்விடத்துக்கு வருவார் என்றும் 1989-இல் வெளிப்பட்டது.

அதே பருவத்தில், நாற்காலியில் அமர்ந்தபடி ஹெர்ன் பழக்கிய 'நஷ்வான்', '2000 கினீஸ்' பந்தயத்தையும் டெர்பியையும் வென்றது. ராணி விற்ற பெண் குதிரையின் மகன். ராணி வாங்கிய லாயத்தில் வளர்ந்தது. அதைப் பழக்கியவரை வெளியேற்ற ராணியின் ஆலோசகர்கள் முடிவு செய்திருந்த நேரம். பந்தய உலகம் கொதித்தது. அரச குடும்பத்தை அரிதாகவே குறைசொல்லும் பத்திரிகைகளும் வாய் திறந்தன. முடிவில் ஒரு சமரசம் ஏற்பட்டு, 1990-இல் ஹெர்னும் வில்லியமும் அதே லாயத்தைப் பகிர்ந்துகொண்டனர். பின்னர் ஹெர்ன் லாம்போர்ன் பகுதிக்குச் சென்றார்.

அந்த 1990-ஆம் ஆண்டில்தான் வில்லியம், ஹன்டிங்டன் பிரபு ஆனார். அடுத்து வந்த மூன்று ஆண்டுகளில் அஸ்காட் தங்கக் கோப்பையை அவரது குதிரைகள் தொடர்ந்து மும்முறை வென்றன: 1991-இல் 'இந்தியன் குயின்', 1992-இலும் 1993-இலும் 'டிரம் டாப்ஸ்'. ராணிக்காக 'ஃபேன்டம் கோல்டு' என்ற பெண் குதிரையையும் அவர் வெற்றிப் பாதையில் கொண்டுசென்றார். இவற்றுள் எதையும் பட்டம் வென்று தரவில்லை.

1998-இல் அவர் பயிற்சித் தொழிலிலிருந்து விலகினார். வரவு செலவு கட்டுப்படியாகவில்லை என்பதே காரணம். ராணியின் பயிற்சியாளர், ஏர்ல், தங்கக் கோப்பை நாயகர் என்ற அடைமொழிகள் யாவும் தீவன விலைக்கும் ஆட்களின் கூலிக்கும் முன்னால் நிற்கவில்லை. மறு ஆண்டு, பிரபுக்கள் அவையின் கதவும் மூடியது. வெஸ்ட் இல்ஸ்லி லாயம் பிற்பாடு முன்னாள் இங்கிலாந்து கால்பந்து வீரர் மிக் சானனின் கைக்குச் சென்றது.

தொண்ணூற்றிரண்டு இடங்கள் எஞ்சியது எப்படி?

டோனி பிளேர் அரசு கொண்டுவந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டம் 650-க்கும் மேற்பட்ட பரம்பரைப் பிரபுக்களை ஒரே வீச்சில் வெளியேற்றியது. ஆனால் மசோதா முடங்கிவிடாமலிருக்க, கன்சர்வேடிவ் கட்சியின் மேலவைத் தலைவர் கிரான்போர்னுடன் மறைவாக ஓர் உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது. அதன்படி 92 பேர் தற்காலிகமாக நீடிக்கலாம். தம் கட்சித் தலைவருக்குத் தெரியாமல் உடன்பாடு செய்ததற்காகக் கிரான்போர்ன் பதவியிழந்தார். தற்காலிகமோ கால் நூற்றாண்டாக நீண்டுவிட்டது.

இந்த 92-இல் இருவர் அரச விழாக்களுக்கான பரம்பரைப் பதவி வகித்தோர். மற்ற 90 பேரில் எவரேனும் இறந்தாலோ ஓய்வு பெற்றாலோ இடைத்தேர்தல் நடந்தது. வேட்பாளரும் பிரபு, வாக்காளரும் பெரும்பாலும் அதே கட்சியின் பரம்பரைப் பிரபுக்கள். 2016-இல் லிபரல் டெமாக்ரட் கட்சி சார்பில் நடந்த ஒன்றில் வேட்பாளர்கள் ஏழு பேர். வாக்காளர்கள் மூன்றே பேர். மூன்று வாக்குகளையும் தர்ஸோ விக்கவுன்ட் பெற்றார். உலகின் பழைமையான நாடாளுமன்றங்களுள் ஒன்றில் இது முறையான தேர்தலாகவே அறிவிக்கப்பட்டது. இந்த மசோதாவை முன்னிட்டு இத்தேர்தல்கள் 2024-இல் நிறுத்திவைக்கப்பட்டன.

பரம்பரைப் பிரபுக்களுள் கடைசிப் பெண் உறுப்பினராக இருந்த மார் கவுன்டஸ் 2020-இல் ஓய்வு பெற்றார். அதன் பிறகு அந்த இருக்கைகளில் ஆண்கள் மட்டுமே இருந்தனர். பட்டங்களில் மிகப் பெரும்பாலானவை ஆண்வழியே செல்வதால், இது தற்செயல் அன்று. அரியணைக்கான வாரிசு முறையில் மூத்த மகளுக்கும் சம உரிமை தரும் சட்டம் 2013-இலேயே நிறைவேறிவிட்டது. அரச குடும்பம் ஏற்றுக்கொண்ட மாற்றத்தைப் பிரபுப் பட்டங்கள் ஏற்கவில்லை.

2024-இல் அவையிலிருந்த பரம்பரை உறுப்பினர்களுள் ஒருவரின் குடும்பத்திலும் ஹன்டிங்டன் கதையின் நிழல் விழுகிறது. வழக்கறிஞரான டிரெவெதின் மற்றும் ஓக்ஸி பிரபு, 2015 இடைத்தேர்தல் வழியே அவைக்கு வந்தவர். அவருடைய தாத்தா நியூரெம்பெர்க் விசாரணைக்குத் தலைமை வகித்த நீதிபதி ஜெஃப்ரி லாரன்ஸ். தந்தை ஜான் ஓக்ஸி, 1963 கிராண்ட் நேஷனலில் கடைசி நொடியில் வெற்றியை நழுவவிட்ட அமெச்சூர் ஜாக்கி; பிறகு குதிரைப் பந்தயச் செய்தியாளராகப் பெயர் பெற்றவர். ஜானின் மகள் சாராவும் அவருடைய கணவர் மார்க் பிராட்ஸ்டாக்கும் சிறு லாயம் ஒன்றை நடத்திவந்தனர். அங்கிருந்து சென்ற 'கனிகிரீ' அதே 2015-இல் செல்டன்ஹாம் தங்கக் கோப்பையை வென்றது. தடைப் பந்தயத்தில் முதல் பருவத்திலிருக்கும் ஒரு குதிரை அக்கோப்பையை வென்றது 1974-க்குப் பிறகு அதுவே முதல் முறை. ஒரே ஆண்டில் சகோதரர் பட்டத்தின் வழியே நாடாளுமன்றம் சென்றார். சகோதரி குதிரையின் வழியே வரலாற்றில் இடம்பெற்றார்.

எதிர்வாதம் வலுவற்றதன்று

மசோதாவை எதிர்த்தோர் பிறப்புரிமையைப் போற்றி அதிகம் பேசவில்லை. முழுச் சீர்திருத்தம் வரும்வரை 92 பேர் நீடிக்கலாம் என்பது 1999-இல் தரப்பட்ட வாக்குறுதி. அது முறிக்கப்படுகிறது என்பது அவர்களின் முதல் வாதம். அப்போதைய பரம்பரை உறுப்பினர்களுள் கன்சர்வேடிவ் கட்சியினரே மிகுதியாக இருந்தனர், தொழிற்கட்சியினர் விரல்விட்டு எண்ணத்தக்கவராக இருந்தனர். எனவே இது சீர்திருத்தம் என்ற பெயரில் எதிர்க்கட்சியின் பலத்தைக் குறைக்கும் செயல் என்பது இரண்டாவது.

மூன்றாவது வாதமே கூர்மையானது. பரம்பரையினர் போன பிறகு எஞ்சியிருப்போர் யார்? பிரதமரின் பரிந்துரையால் ஆயுள் முழுவதற்கும் நியமிக்கப்பட்டவர்களும், இங்கிலாந்துத் திருச்சபையின் 26 ஆயர்களும். கட்சிக்கு நிதி தந்தோரும் முன்னாள் உதவியாளர்களும் நியமனம் பெறுவது எல்லா ஆட்சிகளிலும் நடந்துள்ளது. 2024-இல் 800-க்கும் மேற்பட்டோர் இருந்த அவைக்கு உச்சவரம்பும் இல்லை. 80 வயதில் கட்டாய ஓய்வு என்று தொழிற்கட்சியின் தேர்தல் அறிக்கை கூறியது. அது இந்த மசோதாவில் இடம்பெறவில்லை. தந்தையின் பெயரால் வந்தவரை விடப் பிரதமரின் தயவால் வந்தவர் எவ்வகையில் சுதந்திரமானவர் என்ற கேள்விக்கு அரசுத் தரப்பு அப்போது நேரான விடை தரவில்லை.

ஆயினும், இந்த வாதம் நியமன முறையைத் திருத்த வேண்டும் என்பதற்கு வலுச் சேர்க்கிறதே தவிர, செலினாவைத் தாண்டி வில்லியமுக்கு வாக்குரிமை போனதை நியாயப்படுத்தப் போதாது. பரம்பரை உரிமையால் நாடாளுமன்ற இருக்கை கிடைக்கும் நாட்டுக்கு வேறு எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட லெசோத்தோ. அதன் 33 பேர் கொண்ட மேலவையில் 22 பேர் பாரம்பரியத் தலைவர்கள்.

இந்தியா இந்தக் கேள்வியை வேறு விதமாக முடித்துக்கொண்டது. பட்டங்களை அரசமைப்பின் 18-ஆவது பிரிவு தடை செய்தது. முன்னாள் மன்னர்களின் மானியத்தை 1971-ஆம் ஆண்டின் 26-ஆவது திருத்தம் ஒழித்தது. எனினும், பிரபுக்கள் அவையில் ஓர் இந்தியப் பரம்பரை இருக்கையும் இருந்தது. வங்காளத்தைச் சேர்ந்த சத்யேந்திர பிரசன்ன சின்ஹா 1919-இல் பரம்பரைப் பிரபு ஆக்கப்பட்டார். அவருடைய மகனின் உரிமையோ, பெற்றோரின் திருமணம் பலதார மணத்தை அனுமதிக்கும் சட்டத்தின்கீழ் நடந்ததா என்ற ஐயத்தால் தேங்கி, 1939-இல்தான் ஏற்கப்பட்டது.

இந்த மசோதா பட்டங்களைத் தொடவில்லை. ஏர்ல் ஏர்லாகவே அழைக்கப்படுவார். சொத்தும் பெயரும் அப்படியே இருக்கும். மகளை ஒதுக்கும் வாரிசு விதியும் மாறாது. நீங்குவது சட்டம் இயற்றும் அவையில் அமரும் உரிமை மட்டுமே. பிரபுக்கள் அவையில் மசோதாவின் இரண்டாம் வாசிப்பு 2024 டிசம்பர் 11-ஆம் தேதி நடைபெற்றது.